மமாச்சாரியில் ஐந்து வருடம்: கியோட்டோவின் ஷிந்தோ கோயில்களும் வாசல் கடைகளும்

கியோட்டோவுக்கு வேலைக்குப் போன இரண்டாம் வாரமே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். முன்னால் கூடை, பின்னால் கேரியர், கியர் கிடையாது. சட்டம் நன்றாகத் தாழ்ந்து வளைந்திருக்கும், சேலை கட்டியவரும் சிரமமில்லாமல் ஏறி உட்காரலாம். ஜப்பானில் இதற்கு மமாச்சாரி என்று பெயர். அம்மாக்கள் காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓட்டுகிற வண்டி. எட்டாயிரம் யென் கொடுத்தேன். 2019 கடைசியிலிருந்து 2024 கடைசி வரை அதையேதான் ஓட்டினேன். வார நாட்களில் வேலைக்கு, சனி ஞாயிறு ஆனால் கோயிலுக்கு.

சுற்றுலா வருகிறவர்கள் ஒரே நாளில் ஐந்தாறு கோயில் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். விடுமுறை குறைவு, வேறு வழியில்லை. ஆனால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் நான் சொல்கிறபடி ஒருமுறை செய்து பாருங்கள்: ஒரு வேளைக்கு ஜப்பானின் பூர்வ சமயமான ஷிந்தோவின் கோயில் ஒன்று, அதன் வாசலில் ஒரு கடை, போக வர சைக்கிள். இந்த ஊரில் பழைய கோயில் ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு தின்பண்டம் உண்டு. அதைத் தின்னாமல் வந்தால் பாதிக் கோயில்தான் பார்த்த மாதிரி. பழநிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்காமல் யாராவது திரும்புவார்களா?

என் சுற்று எப்போதும் ஷிமோகாமோ கோயிலில்தான் தொடங்கும். காமோ ஆறும் தகானோ ஆறும் கூடுகிற இடத்துக்கு வடக்கே ததாசு என்ற பழைய காடு இருக்கிறது. ஏறக்குறைய 12 ஹெக்டேர், ஊருக்கு நடுவே. அதன் உள்ளே கோயில். கூடலிலிருந்து பத்து நிமிடம் கூட ஆகாது. தோரி எனப்படும் அந்தச் சிவப்பு வாசல் வந்ததும் இறங்கிவிடுவேன். காட்டுப் பாதையில் உருட்டிக்கொண்டுதான் போவது. கோயிலுக்குள் மிதராஷி என்று ஒரு குளம். அடியிலிருந்து ஊற்று வருகிறது. ஜூலை கடைசியில், ஊரே வேகும் நாட்களில், மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கிற திருவிழா நடக்கும். முதல் முறை இறங்கியபோது கால் மரத்துப்போனது. அந்த வெயிலில் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர்.

அந்தக் குளத்தில் முதலில் ஒரு குமிழி, சற்று இடைவெளி விட்டு நான்கு குமிழிகள் வந்தன என்று ஒரு கதை சொல்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் மிதராஷி தாங்கோ கேட்டால் கதை கைக்கே வந்துவிடும். மூங்கில் குச்சியில் ஐந்து அரிசிமாவு உருண்டைகள். நுனியில் ஒன்று மட்டும் தனியே, கொஞ்சம் இடம் விட்டு மற்ற நான்கும். நெருப்பில் வாட்டி, சோயா சாஸும் சர்க்கரையும் காய்ச்சிய பாகை மேலே ஊற்றுவார்கள். அந்தத் தனி உருண்டை ஏன் என்று தெரியாமல் இரண்டு மாதம் தின்றிருக்கிறேன். தெரிந்த பிறகு குளத்தைப் பார்க்காமல் கடைக்குப் போனதில்லை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து தின்னலாம் என்று பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூடல் பக்கம் பருந்துகள் வட்டமடிக்கும். பின்பக்கமாகத்தான் வரும், சத்தமே இருக்காது. என் கையிலிருந்த ரொட்டியை ஒன்று பறித்துக்கொண்டு போனது. சிறகு கன்னத்தில் உரசியதுதான் தெரியும். மரத்தடியில் உட்காருங்கள்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டியே வடக்கே நான்கு கிலோமீட்டர் மிதித்தால் காமிகாமோ. கியோட்டோ விலாசங்களில் வடக்கே போவதற்கு 'ஏறு', தெற்கே போவதற்கு 'இறங்கு' என்று எழுதுவார்கள். அரண்மனை வடக்கே இருந்ததால் வந்த வழக்கு. கியர் இல்லாத சைக்கிளில் போகிறவருக்கு அது அப்படியே முட்டியில் தெரியும். ஊர் முழுக்க வடக்கிலிருந்து தெற்காக மெல்லச் சரிகிறது. போகும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம். அதனால் வயிறு காலியாக இருக்கும்போது வடக்கே போய், நிறைந்த பின் தெற்கே வருகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

காமிகாமோவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வாசலில் யாகிமோச்சி விற்கிற பழைய கடையில் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். உள்ளே சிவப்புக் காராமணி மாதிரியான அசுகிப் பயற்றுப் பூரணம், வெளியே மோச்சி எனப்படும் இடித்த அரிசி, இரண்டு பக்கமும் கல்லில் சுட்ட தழும்பு. சூட்டோடு தின்றால் நம் பூரணக் கொழுக்கட்டை நினைவு வரும். மேல்மாவுதான் இழுவையாக இருக்கும். கோயிலிலிருந்து வெளியே வரும் ஓடை பழைய அர்ச்சகர் வீடுகளின் மதிலோரமாகப் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மேல் ஒரு கல் பாலம். அந்தத் தெருவில் குளிர்காலத்தில் சுகுகி ஊறுகாய் வாங்கலாம். ஒரு வகை டர்னிப்பை உப்பு மட்டும் போட்டு, நீண்ட கழியின் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு அழுத்திப் புளிக்க வைப்பது. வினிகர் இல்லை, புளிப்பு முழுக்கத் தானாக வந்தது. தயிர்சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்கு ஜப்பானில் கிடைக்கவில்லை.

இமாமியா கோயிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அதிகம் போனது அங்கேதான். 994ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது அதைத் தணிக்கப் பக்கத்துக் குன்றில் பூசை நடத்தினார்கள். 1001இல் இப்போதைய இடத்தில் கோயில் எழுந்தது. நம் ஊர் மாரியம்மன் கோயில் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வாசலுக்கு வெளியே எதிரெதிராக இரண்டு கடைகள், இரண்டிலும் விற்பது அபுரிமோச்சி ஒன்றுதான். இச்சிவா என்கிற கடை 1000ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். எதிரே இருக்கிற கசாரியாவுக்கு வயது நானூறு.

வாசலிலேயே கரி அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா மோச்சியிலிருந்து கட்டைவிரல் நுனி அளவு கிள்ளி, வறுத்த சோயா மாவில் புரட்டி, பிளந்த மூங்கில் குச்சியில் செருகுவார். பத்துப் பன்னிரண்டு குச்சிகளை விசிறி மாதிரி சேர்த்துப் பிடித்துத் தணலில் காட்டுவார். மாவு உப்பி ஓரம் கருகும். கருகிய வாசனை வந்தவுடன் எடுத்து வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) பாகில் தோய்த்துத் தட்டில் வைப்பார். இனிப்பு, லேசான உப்பு, கரிப்புகை. ஒரு குச்சி ஒரு வாய்தான். கூடவே தேநீர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தட்டு போதும் என்று நினைப்பீர்கள், இன்னொன்று கேட்பீர்கள்.

இதைத் தின்றால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. 2020இல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் அது எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. கோயில்களில் கை கழுவும் தொட்டியிலிருந்து அகப்பைகளை எடுத்துவிட்டார்கள். சில இடங்களில் அந்தத் தொட்டி நிறையப் பூ மிதக்கவிட்டார்கள். வெளிநாட்டவர் ஒருவரும் இல்லை. தனியாக இருந்த எனக்கு வாரம் ஒருமுறை அந்த மேட்டில் ஏறிப்போய், கும்பிட்டுவிட்டு, பொட்டலம் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதே பெரிய தைரியமாக இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்பும் இதே பயத்தோடுதான் இங்கே வந்திருப்பார்கள் என்று தோன்றும். உள்ளே ஒரு கல் இருக்கிறது: உள்ளங்கையால் மூன்று முறை தட்டித் தூக்கினால் கனக்கும், வேண்டிக்கொண்டு மூன்று முறை தடவித் தூக்கினால் லேசாக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் வேண்டுதல் பலிக்கும். அந்த வருடம் நான் அதைப் பல முறை தூக்கினேன்.

அப்புறம் கிடானோ தென்மாங்கு. இமாமியாவிலிருந்து இறக்கம், பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞரை 901இல் சூழ்ச்சி செய்து தலைநகரிலிருந்து தொலைவான கியூஷூ தீவுக்குத் துரத்தினார்கள், அங்கேயே இறந்தார். பிறகு தலைநகரில் இடியும் சாவும் தொடர, அவர் ஆவியைத் தணிக்க 947இல் இந்தக் கோயில் வந்தது. இன்று அவர் படிப்புக்குச் சாமி. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் கூட்டம் தாங்காது. மாதா மாதம் 25ஆம் தேதி வாசலில் பெரிய சந்தை கூடும். அன்றைக்கு சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

2023 பிப்ரவரியில் அம்மா வந்திருந்தார். பிளம் பூத்திருந்த நேரம். ஜப்பானில் பெரியவர்கள் டபுள்ஸ் போகக் கூடாது. அதனால் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவரோடு நடந்தேன், கைப்பை மட்டும் கூடையில். உள்ளே படுத்திருக்கும் எருதுச் சிலைகளில் நமக்கு வலிக்கிற இடத்தைத் தடவினால் குணமாகும் என்றேன். அம்மா உடனே அதன் முட்டியைத் தடவினார். பிறகு எதிரே இருக்கும் அவாமோச்சிக் கடைக்குக் கூட்டிப்போனேன். 1682இலிருந்து அதே பண்டம். கேட்ட பிறகுதான் கையால் கிள்ளிச் செய்வார்கள். உருண்டையாக இருப்பதில் பயற்றுப் பூரணம் போர்த்தியிருக்கும், நீளமாக இருப்பதில் சோயா மாவு. அம்மா முதல் துண்டை வாயில் போட்டு, நிறுத்தி, மிச்சத்தை விரலால் பிட்டுப் பார்த்தார். மஞ்சளாகச் சின்னச் சின்ன மணிகள்.

"இது தினைடா. குழைய வேகவெச்சு இடிச்சிருக்காங்க."

ஆமாம், அவா என்றால் தினைதான். மூன்று வருடமாக நான் அதை 'அந்த மஞ்சள் மோச்சி' என்றே சொல்லி வந்திருந்தேன். முருகனுக்குத் தேன் விட்டுப் பிசைகிற அதே தானியம். அம்மா இன்னொரு தட்டு கேட்டார். ஆறினால் இறுகிவிடும், அங்கேயே தின்றுவிடுங்கள். வயதானவர்களுக்குச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். மோச்சி தொண்டையில் அடைப்பது ஜப்பானில் உண்மையான ஆபத்து.

தெற்கே இருக்கும் ஃபுஷிமி இனாரிக்கு சைக்கிளில் போவதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். வாசல் வரை கூட்டம். மேலே மலை ஏறி இறங்கும்வரை வண்டியை என்ன செய்வது என்ற கவலை. அது ரயிலில் போக வேண்டிய கோயில். அதையும் தாண்டி இருக்கிற கோகோனோமியாவுக்குப் போங்கள். 862இல் அங்கே நறுமணத்தோடு தண்ணீர் ஊறியதாம். 1985இல் நாட்டின் நூறு சிறந்த நீர்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்கம்பக்கத்தவர் கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள், நானும் பிடித்தேன். ஃபுஷிமியின் சாக்கே மதுவுக்குப் பேர் வாங்கித் தந்ததும் அந்தப் பக்கத்து நிலத்தடி நீர்தான். ஆனால் அந்த மதுவைச் சுவைத்துவிட்டு சைக்கிள் ஓட்டக் கூடாது, ஒரு சொட்டானாலும். 2024 நவம்பரிலிருந்து தண்டனையும் கடுமை. பாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது: கோகோனோமியா தண்ணீரில்தான் ஞாயிற்றுக்கிழமைக் காபி. குழாய்த் தண்ணீரில் போட்டால் வித்தியாசம் தெரிகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி வண்டி. ஐந்து வருடத்தில் டயர் இரண்டு முறை, பிரேக் கட்டை மூன்று முறை மாற்றினேன். ஜூன் ஜூலை மழையில் சங்கிலி துருப்பிடிக்கும், எண்ணெய் விடாவிட்டால் கத்தும். டயரில் உரசி எரிகிற டைனமோ விளக்கு இருக்கிற வண்டியை வாங்காதீர்கள். இருட்டிய பிறகு மிதிக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். சக்கர நடுவிலேயே டைனமோ இருப்பதுதான் நல்லது. முட்டி வலி இருப்பவர்கள் வாடகைக்குக் கிடைக்கும் மின்சார சைக்கிள் எடுங்கள். இந்த வடக்கு ஏற்றத்துக்கு அது தகும்.

கியோட்டோவில் பெரிய தலைவலி நிறுத்துமிடம். ஒரு முறை ஸ்டேஷன் பக்கம் சந்தில் அரை மணி நேரம் விட்டுப் போனேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை, தரையில் அறிவிப்புத்தாள். ஊர்க்கோடிக்குப் போய்ப் பணம் கட்டி மீட்டேன். அன்றிலிருந்து கோயிலுக்கென்று உள்ள நிறுத்துமிடத்தை முதலில் கேட்டுக்கொள்வேன். இடப்பக்கமாகவே ஓட்ட வேண்டும், குடை பிடித்து ஓட்டக் கூடாது, போனைக் கையில் எடுக்கக் கூடாது. ஹெல்மெட் 2023 ஏப்ரலிலிருந்து எல்லோரும் போட முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: நான் மேலே சொன்ன மோச்சி வகைகள் அரிசி, தினை, பயறு, சோயா என்றே போகும். வாசலில் நூடுல்ஸ், டோஃபு பையில் சோறு அடைத்த இனாரி சுஷி என்று பார்த்தால்தான் கவனம். மேலே ஒன்றும் போடாத வெறும் உடோன் நூடுல்ஸிலும் சாறு பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், புதிதாகப் படிக்க வந்திருந்த மதுரைத் தம்பி ஒருவருக்கு வண்டியைக் கொடுத்தேன். திருட்டுத் தடுப்புப் பதிவை அவர் பெயருக்கு மாற்றினோம். கூடையில் எண்ணெய் டப்பாவும் தண்ணீர் கேனும் வைத்தேன்.

"புதன்கிழமை மட்டும் இமாமியா போகாதீங்க தம்பி, ரெண்டு கடையும் லீவு."

"சரிண்ணா. நாளைக்கு வியாழன்தானே?" என்றார்.