வீட்டில் ஓமம்: முற்றத்துச் செங்கல்லா, ஹோலில் செப்புக் குண்டமா, கோயிலா?

புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். ஓமத்தை எங்கே வளர்ப்பது என்ற பேச்சு, குருக்கள் விடியப்புறம் வந்து நின்று "தம்பி, குண்டம் எங்க வைக்கிற?" என்று கேட்கும்போதுதான் வரும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

திருகோணமலையில் நான் பார்த்தவரை மூன்று வழிதான். முற்றத்தில் மணல் பரப்பிச் செங்கல் அடுக்குவது. செப்புக் குண்டத்தை ஹோலில் வைப்பது. கோயிலிலேயே செய்வித்துக் கும்பத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து தெளிப்பது. எங்கள் குடும்பத்தில் மூன்றும் நடந்திருக்கிறது. என் தெரிவு முற்றம்தான்.

செப்புக் குண்டத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது விளங்குகிறது. அரை முழச் சதுரம், ஒருவர் தூக்கலாம், கழுவிப் பரணில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் குளமாகக் கிடக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் செம்பு சூட்டை அப்படியே கீழே கடத்தும். உப்புவெளியில் அக்காவின் வீட்டில் குண்டத்தை நேரே மாபிள் தரையில் வைத்துவிட்டோம். நவக்கிரக ஆகுதி பாதியில் போய்க்கொண்டிருக்க, 'டிக்' என்று ஒரு சத்தம். தேங்காய் ஏதோ வெடித்தது என்று நினைத்தோம். பின்னேரம் குண்டத்தைத் தூக்கிப் பார்த்தால் மாபிள் மூலைக்கு மூலை பிளந்திருந்தது. மேலே பிளாஸ்டிக் சீலிங் வெக்கையில் நெளிந்து தொங்கியது. அதைவிடப் பெரிய கவலை அம்மம்மா. அவருக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. புகை போக வழியில்லாமல் மூச்சு இழுக்கத் தொடங்க, கிணற்றடிக்குக் கொண்டுபோய் இருத்தி, வாயில் அடிக்கிற இன்ஹேலர் பம்பைக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

ஆகவே செப்புக் குண்டம்தான் என்றால் ஹோலை விட்டு விறாந்தைக்கு வாருங்கள். செங்கற்களை இடைவெளி விட்டுப் பரப்பி, அவற்றின் மேல் குண்டத்தை வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். குண்டத்துக்குள் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல். பக்கத்தில் திரைச்சீலை, பிளாஸ்டிக் கதிரை, காஸ் சிலிண்டர் எதுவும் இருக்கக்கூடாது. புகை போகட்டும் என்று மின்விசிறியைப் போடுவார்கள். அது பொறியை வீடு முழுக்கப் பரத்தும்.

முற்றத்துக்கு வருவோம். ஓமத்துக்குக் குழி வெட்டியே ஆக வேண்டும் என்றில்லை. சமதரையில் மணலைச் சதுரமாகப் பரப்பிச் செய்கிற ஸ்தண்டிலமும் முறையானதுதான். கடற்கரைப் பக்கத்து வளவுகளில் மணலுக்குப் பஞ்சமே இல்லை. புகை மேலே போய்விடும், தரை வெடிக்காது, ஆட்கள் எட்டி நிற்க இடம் உண்டு. செங்கல் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழையில் ஊறிய கல்லுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லைத் தெறிக்க வைக்கும்.

முற்றத்தின் ஒரே எதிரி காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற ஊர் இது. கிடுகு வேலியும் காய்ந்த தென்னோலையும் இருக்கிற வளவில் ஒரு பொறி போதும். இதனால்தான் வெயிலோடு காற்றும் ஏறமுன், கடைசி ஆகுதியான பூர்ணாகுதியை முடித்துவிடுங்கள் என்று சொல்கிறேன். காற்று வரும் பக்கத்தில் இரண்டு தகரத்தை நிமிர்த்தி மறைப்புக் கட்டலாம். மேலே தறப்பாள் கட்டவே வேண்டாம். முற்றத்தில் வைத்துத் தறப்பாள் கட்டுவதென்றால் விறாந்தைச் செப்புக் குண்டமே மேல்.

எங்கே வைத்தாலும் ஆபத்து நெய்யில்தான் இருக்கிறது. மாவிலையால் நெய் விடுவது நம் வழக்கம். ஆனால் இலை ஒரு சாண்தான், கை தீக்கு மேலே நிற்கும். முழங்கை நீளக் கைபிடியுள்ள மரக்கரண்டி வையுங்கள். பூர்ணாகுதிக்கு மூடிய முழுத் தேங்காயைத் தீயில் இடக்கூடாது, உள்ளே இளநீர் கொதித்து வெடிக்கும். காய்ந்த கொப்பரைத் தேங்காய் பாதுகாப்பு. அந்த நேரம் சுவாலை ஆள் உயரம் எழும்பும், பிள்ளைகளைப் பின்னால் எடுங்கள். பட்டுச் சேலை பரவாயில்லை. பொலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

தீயில் இடுகிற குச்சியான சமித்திலும் கவனம் வேண்டும். சூரியனுக்கு எருக்கு, புதனுக்கு நாயுருவி, சனிக்கு வன்னி என்று தேடி முறிக்கும்போது, எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். குச்சி போதவில்லை என்று வேலியில் நிற்கும் அலரியை முறித்துப் போடாதீர்கள். பூ சுவாமிக்கு ஆகும், அதன் புகை மனிதருக்கு ஆகாது. ஈர விறகு பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

தீ மிஞ்சினால்? மாமா ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஊத்தாதீங்கோ!" என்று குருக்கள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கொதிக்கும் நெய்யில் விழும் தண்ணீர் ஒரு கணத்தில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், எரிகிற நெய்யையும் அள்ளி எறியும். மணல்தான் போட வேண்டும். இரண்டு வாளி மணல், ஒரு நனைத்த சாக்கு, இவ்வளவும் குண்டத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் வாளி சுட்ட கைக்கு. சுட்ட இடத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள்; பற்பசையோ நெய்யோ பூசாதீர்கள். பெரிய காயம் என்றால் இலங்கையில் 1990 இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கோயில் வழி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடி வீடு, வாடகை வீடு, ஒட்டிய வளவு, வீட்டில் முட்டுக்காரர் என்றால் யோசிக்காமல் கோயிலுக்குப் போங்கள். யாகசாலையில் உயரக் கூரையும் புகைப்போக்கும் உண்டு, சங்கல்பம் உங்கள் பேர் நட்சத்திரத்தில்தான் நடக்கும். வீட்டுக் கிரியையின் நிறைவு வராது என்கிற அம்மாக்களோடு நான் வாதாட மாட்டேன். எனக்கும் வீட்டு நெருப்பின் வாசம்தான் பிடிக்கும்.

ஓமம் முடிந்து, நெற்றியில் இடுகிற ஓமச் சாம்பலான ரட்சையை எடுத்த பிறகு தணல் சாம்பலுக்குள் மறைந்து கிடக்கும். செப்புக் குண்டத்தை அப்படியே அறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மணலால் மூடி வெளியில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் குச்சியால் கிளறிப் பார்த்து, சூடே இல்லை என்றால் மட்டும் அள்ளுங்கள்.