மார்த்தாண்டத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆங்கில வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகள், மார்த்தாண்டத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கென நடக்கும் மாலைநேர ஆங்கில வகுப்புக்குக் கடந்த ஜூன் முதல் போய்வருகிறாள். வீட்டில் தமிழும் பாட்டியிடம் மலையாளமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இன்னொரு மொழி எதற்கு என்று உறவினர் பலர் கேட்டார்கள். கூடுதலாக ஒரு மொழி கேட்பதால் இத்தகைய குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முன்பு நாங்கள் அணுகிய வேறொரு மையத்தில் வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்; இங்குள்ள ஆசிரியையோ வீட்டில் தமிழில் நிறையப் பேசச் சொன்னார்.

தொடக்கத்தில் எழுத்தே கிடையாது. ‘ஸ்டாண்ட்’, ‘ஜம்ப்’, ‘டச்’ என்று ஆசிரியை சொல்லியபடியே செய்துகாட்ட, பிள்ளைகள் உடலசைவாலேயே பதில் தருகிறார்கள். வாய் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த இம்முறை, பேச்சு தாமதமாக வரும் குழந்தைகளுக்கு மிகவும் பொருந்துகிறது. பிறகு மேசைமேல் ஒரு மட்டிப்பழத்தை வைத்து ‘பனானா’ என்கிறார்; அடுத்து அப்பழத்தின் படம், அதன்பின் படமும் சொல்லும் சேர்ந்த அட்டை, கடைசியில் சொல் மட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதே எளிதில் மனதில் நிற்கும். செவித்திறன் குறைவும் அவர்களிடையே பரவலாக உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியை குறுக்கிடாமல் காத்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குப் பதற்றம் வருமளவுக்கு நீளும் அந்த இடைவெளியில்தான் என் மகள் சரியான அட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

ஆசிரியை இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர். கேட்டவுடன் சான்றிதழைக் காட்டினார். எந்த மையமானாலும் பெற்றோர் இதை அவசியம் கேட்க வேண்டும். உடன் படிக்கும் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் கைதட்டல் ஒலித்ததும் காதைப் பொத்திக்கொள்வான். அவன் தாய் எடுத்துச் சொன்னபின், பாராட்டுவதற்குக் கைகளை உயர்த்தி அசைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெருங்குறை, வகுப்பு மாடியில் நடப்பதுதான். சாய்தளமோ லிஃப்டோ இல்லாததால், நடக்க இயலாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகும் இப்படியொரு இடத்தைத் தேர்ந்தெடுத்ததை ஏற்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளின் பெற்றோர், கீழ்த்தளத்தில் வகுப்பு நடத்துவார்களா என்று கேட்டறிந்த பின்பே கட்டணம் செலுத்தவும். மற்றவர்கள் ஒருநாள் பிள்ளையுடன் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்; அதற்கு அனுமதிக்கிறார்கள்.