ஆபத்து எந்த நேரத்தில்? எம்.எஸ்.ஸுக்கான மூன்று மாத்திரைகள், ஓர் ஒப்பீடு

விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ்., அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் ரிலாப்ஸிங் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பவருக்கு நியூராலஜிஸ்ட் மாத்திரை பற்றிப் பேச்செடுத்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதுல எது நல்லா கேக்கும்?" பெங்களூரில் என் தங்கையோடு ஓ.பி.க்கும் லேபுக்கும் போய்வரும் பழக்கத்தில் சொல்கிறேன், அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்க வேண்டும். இந்த மாத்திரையில் ஆபத்து எப்போது வரும்? முதல் நாளிலா, பல மாதம் கழித்தா, நிறுத்திய பிறகா? இந்திய ஜெனரிக்காகவே கிடைக்கும் ஃபிங்கோலிமாட், டைமெத்தில் ஃப்யூமரேட், டெரிஃப்ளூனமைட் ஆகிய மூன்றும் இந்த விஷயத்தில்தான் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. மருந்தைத் தேர்ந்தெடுப்பது டாக்டர் வேலை. அந்த அறைக்குள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நம் வேலை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த மூன்றும் இருக்கிற மரத்துப்போதலையோ கண் மங்கலையோ போக்கும் மருந்துகள் இல்லை. அடுத்த தாக்குதல் வராமல் தடுப்பதும், எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு விழாமல் பார்ப்பதும்தான் இவற்றின் வேலை. தாக்குதல் வந்துவிட்டால் அதற்குப் பொதுவாக 3 முதல் 5 நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றுவார்கள், அது தனிக் கதை. "மாத்திரை போட்டும் காலு மரத்துப் போறது நிக்கலையே, எதுக்கு இந்த விஷம்?" என்று ஊரிலிருந்து பெரியம்மா போனில் கேட்பார். அந்தப் பேச்சில் மனம் தளர்ந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்கிறதா என்பதைப் பழைய மரத்துப்போதலில் தேடக்கூடாது, புதுத் தாக்குதல் வருகிறதா என்பதிலும் எம்.ஆர்.ஐ.யிலும்தான் பார்க்க வேண்டும்.

சரி, எது பலமானது? மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் ஃபிங்கோலிமாட் தாக்குதல்களைச் சுமார் 54 சதவீதம் குறைத்தது. டைமெத்தில் ஃப்யூமரேட் ஓர் ஆய்வில் 53, இன்னொன்றில் 44 சதவீதம். டெரிஃப்ளூனமைட் 31 சதவீதத்தை ஒட்டி. இவை வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு நோயாளிகள், அதனால் எண்ணை எண்ணோடு நேராக மோதவிடக்கூடாது. ஆனாலும் டெரிஃப்ளூனமைட் மற்ற இரண்டையும்விடச் சற்று மென்மையானது என்று மருத்துவர்கள் கருதுவதற்கு இதில் அடிப்படை உண்டு.

ஃபிங்கோலிமாட்: முதல் நாளும் கடைசி நாளும்

2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, எம்.எஸ்.ஸின் போக்கை மாற்றும் மருந்துகளில் வாய்வழியே சாப்பிடும்படி அங்கே முதலில் வந்தது. பெரியவர்களுக்கு தினம் 0.5 மில்லிகிராம், ஒரே கேப்ஸ்யூல், சாப்பாட்டோடு என்றாலும் சரி, தனியாக என்றாலும் சரி. தினசரி வாழ்க்கைக்கு இதைவிட எளிய மருந்து இந்த மூன்றில் இல்லை. அந்த எளிமைதான் ஆளை அசட்டையாக்கிவிடும்.

முதல் கேப்ஸ்யூல் இதயத் துடிப்பை மெதுவாக்கும். அதனால் அதை ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். போடுவதற்கு முன் ஓர் ஈ.சி.ஜி., பிறகு 6 மணி நேரம் மணிக்கொருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், முடிவில் இன்னோர் ஈ.சி.ஜி. அப்போதும் துடிப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் நேரம் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பி.பி.க்கோ படபடப்புக்கோ ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் அந்தப் பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும். கடந்த 6 மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது நடுவில் விட்டுப்போவது. முதல் 2 வாரத்தில் ஒரு நாள் விட்டாலும், 3, 4-ஆம் வாரங்களில் 7 நாளுக்கு மேல் விட்டாலும், முதல் மாதத்துக்குப் பிறகு 14 நாளுக்கு மேல் விட்டாலும், மறுபடி தொடங்கும்போது அந்த 6 மணி நேரக் கண்காணிப்பு மறுபடி வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் மாத்திரைப் பட்டை தீர்ந்துபோய், தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "ஆர்டர் போட்டுத்தான் வரணும் சார்" என்பார்கள். இப்படி நாள் ஓடிவிடும். இந்த மருந்தில் இருப்பவர் வீட்டில் குறைந்தது 2 வாரத்துக்கு உபரி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முழுவதுமாக நிறுத்துவது இன்னும் பெரிய விஷயம். நிறுத்திய பின் நோய் முன்பிருந்ததைவிடக் கடுமையாகத் திரும்பி, நடமாட்டமே பாதிக்கப்பட்டவர்கள் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 நவம்பரில் எச்சரித்தது. பெரும்பாலும் நிறுத்திய 12 வாரங்களுக்குள். அதாவது பணமில்லை, வேலை மாறியது, குழந்தைக்கு முயல்கிறோம் என்று எந்தக் காரணத்துக்காகவும் நம் விருப்பத்துக்கு நிறுத்தக்கூடிய மருந்தல்ல இது. தொடங்கும் நாளிலேயே "எப்படி நிறுத்துவோம்?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அம்மை. இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், சின்னம்மைக்கு எதிர்ப்பு உடம்பில் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே ரத்தத்தில் பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை வயது கழிந்து வருவது சாதாரணம், அதனால் இன்னும் வராத பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். "சின்ன வயசுல போட்டிருச்சுன்னு நினைக்கிறேன்" என்ற அம்மாவின் ஞாபகம் போதாது, ஆன்டிபாடி டெஸ்ட்தான் பேச வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் காத்திருந்தே மருந்தைத் தொடங்குவார்கள். கண் மருத்துவரிடம் விழித்திரையும் பார்க்க வேண்டும், தொடங்கும் முன் ஒருமுறை, 3 அல்லது 4 மாதத்தில் இன்னொருமுறை. சர்க்கரை நோய் இருப்பவருக்கு இது ரொம்ப முக்கியம்.

டைமெத்தில் ஃப்யூமரேட்: சாப்பாட்டுத் தட்டும் ரத்த அறிக்கையும்

இது 2013-இல் வந்தது. முதல் 7 நாள் 120 மில்லிகிராம் காலை, மாலை. பிறகு 240, காலை, மாலை. இரண்டு அளவும் அடுத்தடுத்து வாங்குவதால் பட்டையில் எண்ணைப் பார்த்து எடுங்கள். கேப்ஸ்யூலை உடைத்தோ திறந்தோ சாப்பிடக்கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு 4 மணி நேர இடைவெளி இருந்தால் மட்டும் போடலாம், இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது.

இதன் தொல்லை முதல் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும். முகமும் கழுத்தும் சிவந்து தீயாய் எரியும், வயிறு பிசையும், சிலருக்குப் பேதி. பலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தணிந்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் கஷ்டம் கூடும், கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாட்டோடு போட்டால் குறையும். இங்கேதான் நம் காலை உணவைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. மெட்ரோ பிடிக்கும் அவசரத்தில் இரண்டு இட்லி, ஒரு ஃபில்டர் காபி என்பது இந்த மருந்துக்குப் போதாது. நெய் விட்ட வெண்பொங்கல், முட்டை தோசை, வேர்க்கடலைச் சட்னி, கெட்டித் தயிர், பன்னீர் என்று ஏதாவது ஒன்று கூட வேண்டும். என் தங்கைக்கு முட்டை தோசையோடு போட்ட நாள்களில் எரிச்சல் நன்றாகவே குறைந்தது.

எரிச்சலுக்கு மாத்திரைக்கு அரை மணி நேரம் முன் ஆஸ்பிரின் தருவதுண்டு, டாக்டர் சொன்னால் மட்டும். இதில் பெங்களூர்வாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் டெங்கு பரவும் ஊர் இது. காய்ச்சல் வந்துவிட்டால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமால் போதும். காய்ச்சல் நேரத்தில் எம்.எஸ். காரருக்குப் பழைய மரத்துப்போதலும் மங்கலும் தற்காலிகமாகத் தலைதூக்கும், சூடு தணிந்ததும் போய்விடும். அதைப் புதுத் தாக்குதல் என்று பதறி ஸ்டீராய்டு கேட்க வேண்டாம், ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் மெதுவாக வருவது. லிம்போசைட் என்ற வெள்ளணு குறையும். அது நீண்ட நாள் குறைந்தே கிடந்தால் பி.எம்.எல். என்ற, அரிதான ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய மூளைத் தொற்றுக்கு வழி திறக்கும். ஃபிங்கோலிமாட்டிலும் இந்தத் தொற்று வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 6 மாதம் கழித்தும், பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும். எனக்கு ஐரோப்பிய வழக்கமே சரியாகப் படுகிறது, ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. ஒன்றும் அவ்வளவு செலவு வைக்கும் டெஸ்ட் இல்லை. லிம்போசைட் எண்ணிக்கை 500-க்குக் கீழே 6 மாதத்துக்கு மேல் நின்றால் மருந்தை நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும்.

ஒரே அறிக்கைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஃபிங்கோலிமாட் லிம்போசைட்டுகளை நிணநீர்க் கணுக்களுக்குள் பூட்டி வைத்தே வேலை செய்கிறது, அதனால் ரத்தத்தில் எண்ணிக்கை நன்றாக இறங்குவது எதிர்பார்த்ததே. அதே எண் டைமெத்தில் ஃப்யூமரேட்டில் எச்சரிக்கை மணி. சளி, இருமலுக்குப் போன இடத்தில் ஒரு பொது மருத்துவர் அறிக்கையைப் பார்த்துப் பதறலாம், அல்லது பதற வேண்டியதைக் கவனிக்காமலே விடலாம். எந்த மருந்தில் இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சதவீதம் மட்டும் அச்சிடும் லேபில் ஆப்சல்யூட் லிம்போசைட் கவுண்ட் கேட்டு வாங்குங்கள்.

டெரிஃப்ளூனமைட்: உடம்பை விட்டுப் போகாத மருந்து

தினம் ஒரு மாத்திரை, 14 மில்லிகிராம், நேரம் காலம் பெரிதில்லை. முடி மெலியும், பேதியாகும்; முடி பெரும்பாலும் சில மாதத்தில் தேறிவிடும். மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று தொடங்கும் முன் பார்க்க வேண்டும், நம் நாட்டில் இதைத் தவிர்க்க முடியாது. கல்லீரலுக்கான எல்.எஃப்.டி. முதல் 6 மாதம் மாதாமாதம். அதில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் இயல்பின் மேல் வரம்பைவிட 3 மடங்கு தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். அப்போது கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சமாளிக்க நினைக்காமல் நேரே டாக்டரிடம் போகவும். எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடிப்பதும் இவர்களுக்கு ஆகாது: கோவிட் காலத்தில் சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

கர்ப்பத்தில் இது கருவுக்குப் பெரிய குறைபாடுகளை உண்டாக்கக்கூடும் என்பது மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கை. மாத்திரையை நிறுத்திய பிறகும் முழுவதும் வெளியேற 2 வருடம் வரை ஆகலாம். எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணுக்கு, யாரும் எதையும் கேட்காமல் இது எழுதப்பட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. டாக்டருக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது. ஆண்களும் விந்து வழியாக மருந்து போகலாம் என்பதால் கருத்தடையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. கொலஸ்டிரமின் தூளை 8 கிராம் வீதம் தினம் 3 வேளை, 11 நாள் கொடுத்தால் மருந்து வேகமாக வெளியேறும். அதன் பிறகு 14 நாள் இடைவெளியில் 2 தடவை ரத்தத்தில் அளவு பார்த்து, லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குழந்தைக்கு முயலலாம். ஃபிங்கோலிமாட் என்றால் நிறுத்தி 2 மாதம். டைமெத்தில் ஃப்யூமரேட் உடம்பில் சில மணி நேரம்தான் தங்கும், ஆனாலும் கர்ப்பத்தில் அதையும் டாக்டர் முடிவில்லாமல் தொடரக்கூடாது.

யாருக்கு எது?

என் பார்வையில், நோய் வேகமாக இருந்து, இதயம் நன்றாக இருந்து, ஒரு நாளும் விடாமல் போடக்கூடிய ஒழுங்குள்ளவருக்கு ஃபிங்கோலிமாட். ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு மூன்றில் டைமெத்தில் ஃப்யூமரேட் பேச்சுக்கு உகந்தது; நைட் ஷிஃப்டில் சாப்பாட்டு நேரம் சிதறும் ஐ.டி. ஊழியருக்கு அதுவே சிரமம். குழந்தைகள் வளர்ந்துவிட்ட, நோய் மென்மையாக உள்ள, கல்லீரல் நன்றாக உள்ள நடுவயதினருக்கு டெரிஃப்ளூனமைட் அமைதியாகப் பொருந்தும். மூன்றிலும் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

சிபோனிமாட், கிளாட்ரிபின் என்று இன்னும் மாத்திரைகள் உண்டு. முதலாவதற்கு ஒரு மரபணுப் பரிசோதனை முன்கூட்டியே தேவை. இரண்டாவது வருடத்துக்குச் சில நாள்கள் மட்டும், 2 வருடம் போடுவது, புற்றுநோய் எச்சரிக்கையோடு வருவது. இரண்டும் தனியாக எழுத வேண்டியவை.

ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதன் பாதிப்பு எவ்வளவு மிச்சம் என்பதை வைத்தே இடைவெளியைத் தீர்மானிப்பார்கள். அதற்கு உங்கள் பழைய எண்கள் வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று தூரத்திலிருந்து பெங்களூரின் நிமான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பாதி டெஸ்டை ஊர் லேபிலும் பாதியை இங்கேயும் எடுத்திருப்பார்கள். தொடங்கும் முன் எடுத்த முதல் சி.பி.சி., எல்.எஃப்.டி., சின்னம்மை ஆன்டிபாடி, ஈ.சி.ஜி., கண் அறிக்கை, எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வைத்து, ஒவ்வொரு விசிட்டுக்கும் அசலையே எடுத்துப் போங்கள். செல்போனில் எடுத்த படத்தில் தேதியும் அளவும் சரியாகத் தெரிவதில்லை.