கொட்டகைப் பள்ளியில் மூன்று வருஷம்

என் மகள் படித்த சின்னஞ்சிறு பள்ளியை எங்கள் ஊரில் யாரும் மைக்ரோஸ்கூல் என்று சொல்வதில்லை. 'அக்கா வீடு' என்றால்தான் தெரியும். மைக்ரோஸ்கூல் என்ற பெயரே பெங்களூரில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு ஓட்டு வீடு, அதை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை, 14 பிள்ளைகள், பாடம் சொல்ல ஒரு அக்கா, கணக்குக்கு மட்டும் ஒரு தம்பி. பள்ளிக்கூடம் மொத்தமும் இதுதான். என் மகள் அங்கே 2022 ஜூனில் சேர்ந்து 2025 ஏப்ரல் வரை படித்தாள். இப்போது அரசுப் பள்ளியில் ஆறாவது. அந்தப் பள்ளி எப்படி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தோம். காலை ஏழே காலுக்கு வேன் வரும். இரண்டாவது முடிக்கும்போது அவளுக்கு ரைம்ஸ் எல்லாம் மனப்பாடம், ஆனால் தமிழில் கடைப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஒருநாள் வேன் சத்தம் கேட்டதும் வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். அந்த வருஷத்தோடு டி.சி. வாங்கிவிட்டேன்.

என் மாமியாருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பதினாலு பிள்ளை இருந்தா அது டியூசன்மா, அதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?" என்றார். மணி கிடையாது, யூனிபார்ம் கிடையாது, ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில். எனக்கும் முதல் இரண்டு மாதம் உள்ளுக்குள் உதறல்தான். ரிப்போர்ட் கார்டு என்று எதுவும் வராது. அக்கா மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பிள்ளை என்ன செய்கிறாள், எங்கே சிக்குகிறாள் என்று அரைமணி நேரம் பேசுவார்.

அந்த உதறல் நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ராத்திரி அவர் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, பங்கு எப்படிப் பிரிக்கிறாங்கன்னு நாங்க இன்னைக்குப் படிச்சோம்" என்றாள். கூடப் படிக்கும் பையனின் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அன்றைய வரவை அவரிடமே கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். மீன் விற்றது 18,400 ரூபாய். டீசல், ஐஸ் செலவு 5,200. மீதி 13,200. அதில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், மறு பாதி நாலு ஆளுக்கு. ஆளுக்கு 1,650. மூன்றாவது படிக்கிற பிள்ளை இதைத் தாளில்லாமல் சொன்னாள். அதோடு விடவில்லை. "வள்ளத்துக்கு எதுக்குப்பா பாதி? அது என்ன சோறா திங்குது?" என்று கேட்டாள். அவர் இன்ஜின் ரிப்பேர், வலைக்கிழிசல், வாங்கின கடன் என்று விளக்க, அப்போ ஓட்டை விழாத வருஷம் அந்தக் காசு யாருக்கு என்று இவள் திருப்பிக் கேட்க, மனுஷன் நோட்டை மூடிவிட்டார். பின்னத்தை இப்படிச் சொல்லித்தந்தால் யாருக்குத்தான் வராது?

இன்னொன்று, பாம்பன் பாலம். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து புதுப்பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை, எங்கள் பிள்ளைகள் கண்முன்னேதான் அது வளர்ந்தது. புதுப்பாலத்தின் ஒரு துண்டைச் சோதனைக்குத் தூக்குகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. பிள்ளைகள் திரும்பி வந்து இரண்டு கிணற்றுக் கப்பி, கயிறு, ஒரு பலகை, மணல் மூட்டைகள் வைத்துக் கொட்டகையிலேயே ஒன்று செய்தார்கள். முதலில் மூட்டை இல்லாமல் இழுத்துக் கை சிவந்தது. பிறகு இரண்டு பக்கமும் பலகையின் எடைக்குச் சரியாக மணலைக் கூட்டிக் குறைத்துக் கட்டியதும், ஒரு விரலால் தள்ளினால் பலகை மேலே போனது. நான் அழைத்துவரப் போனபோது என்னையும் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். நான் பத்தாவது வரை சயின்ஸ் படித்தவள்தான், எதிர் எடை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, இனி குறைகளுக்கு வருகிறேன்.

பள்ளி என்றாலே அங்கே அந்த அக்கா ஒருவர்தான். 2024-இல் அவருக்கு ஒரு ஆபரேஷன். ஐந்து வாரம் பாடம் சொல்ல ஆளில்லை. கணக்குத் தம்பி இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். பெற்றோர் நாங்களே முறை போட்டு உட்கார்ந்தோம். நான் தையல் மெஷினை விட்டுவிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். அந்த மாதம் என் வருமானம் பாதியானது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான். கீற்று ஒழுகும், வீட்டுக்குள் 14 பேர் உட்கார இடம் பற்றாது, லீவு விட்டுவிடுவார்.

அடுத்தது தோழிகள். இவள் வயதில் அங்கே ஒரே ஒரு பெண் பிள்ளை. இருவருக்கும் சண்டை வந்தால் அந்த வாரம் முழுக்க இவளுக்குப் பேச ஆளில்லை. பெரிய பள்ளியில் ஒருத்தியிடம் கோபித்தால் இன்னொருத்தி இருப்பாள்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது காகிதம். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கீகாரம் கிடையாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி என்று நடத்த முடியாது, ஆகவே கற்றல் மையம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்காது. எமிஸ் எண், அதாவது கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் பதிவு எண், இருக்கும், அதற்கு நேரே பள்ளி இருக்காது. ஒரு மே மாதம் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். "உங்க பாப்பா பள்ளி செல்லாக் குழந்தைன்னு வருதேம்மா" என்றார். தன்மையாகத்தான் கேட்டார். ஆனாலும் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் வைத்து அந்த வார்த்தையைக் கேட்டது எனக்கு உறைத்தது. உள்ளே வரச் சொல்லி மகளின் நோட்டுகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், பட்டியலில் என்னவோ குறித்துக்கொண்டு போனார்.

ஐந்தாவதோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. தொடர்ந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதலாம், 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இரண்டுமே ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தார்களா என்றுதான் கணக்குப் பார்க்கின்றன. இவள் டாக்டருக்குப் படிப்பாளா என்பது வேறு விஷயம். அந்தக் கதவை அவளுடைய பதினோராவது வயதில் நான் சாத்துவது சரியாகப் படவில்லை. அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஆறாவதுக்கு அங்கேயே சேர்த்துடுங்க, நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

அரசுப் பள்ளியில் சேர்க்கும்போது கையிலிருந்தது இரண்டாவது வகுப்பு டி.சி. மட்டும். நடுவில் மூன்று வருஷம் எங்கே என்று கேட்டார்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதனால் முடிந்தது. ஆனாலும் மூன்று நடை நடந்தேன். சின்னப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் பழைய டி.சி., பிறப்புச் சான்று, ஆதார், எமிஸ் எண் நான்கையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

முதல் பருவத் தேர்வில் சமூக அறிவியலில் 41. நேரம் பற்றவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். இப்படிப் பரப்பி எழுதினால் யார் மார்க் போடுவார்கள்? இப்போது கடிகாரம் வைத்து எழுதிப் பழகுகிறாள், அரையாண்டில் 68. கணக்கில் கவலையே இல்லை. பேச ஏழெட்டுத் தோழிகள். வகுப்பில் கேள்வி கேட்பது மட்டும் குறைந்திருக்கிறது. கேட்டால், "டீச்சருக்குப் பாடம் முடிக்கணும்மா" என்கிறாள்.

செலவு: மாதம் 1,800 கொடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது ஐஸ் கம்பெனியில் வேலை குறைவு, சம்பளமும் குறைவு. அந்த நாட்களின் பாக்கியை ஆவணிக்குள் கொடுத்தால் போதும் என்பார் அக்கா. எந்த வேன் பள்ளி இப்படிச் சொல்லும்?

இந்த வருஷம் அங்கே 17 பிள்ளைகள், கட்டணம் 2,200. கூட ஒரு டீச்சரைச் சேர்த்திருக்கிறார், கொட்டகைக்குத் தகரம் போட்டாயிற்று. இடம் கேட்கப் போகிறவர்கள் மூன்று மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் போனால் பாயில் உட்கார வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.