கோணல் தாடையா, கோணல் படமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் மாறி பாண்டிக்கு வந்த ஒரு அம்மா, எங்கள் ஸ்கேன் சென்டர் மேசையில் மூன்று சீட்டுகளை வைத்தார். உள்ளூர் பல் டாக்டர் ஓ.பி.ஜி. (தாடை முழுவதும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) எழுதியிருந்தார். பல் சீரமைப்பு நிபுணர் சி.பி.சி.டி. (எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) கேட்டிருந்தார். மூட்டுவாத டாக்டர் எழுதியது எம்.ஆர்.ஐ. “மூணும் தாடைக்குத்தானே சார்? எது கம்மியோ அத எடுத்துடுங்க” என்றார். பக்கத்தில் 11 வயது மகள். சிறார் மூட்டுவாதம், மூன்று வருடமாக மாத்திரை. மோவாய் லேசாக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

மூன்றும் தாடைக்குத்தான். ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை.

கீழ்த்தாடை நீள்வதில் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டின் குமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. வளரும் குருத்தெலும்பு அந்தக் குமிழின் மேற்பரப்பிலேயே இருப்பதால், மூட்டில் அழற்சி வந்தால் அடி நேராக அங்கே விழுகிறது. ஒரு பக்கம் குட்டையாகிவிட்டால் மோவாய் அந்தப் பக்கமே சாயும். இதில் விஷமம் என்னவென்றால், பல பிள்ளைகளுக்கு வலியே இருக்காது.

முதலில் ஓ.பி.ஜி. இருப்பதிலேயே மலிவு, சில விநாடி வேலை. கதிர்வீச்சும் குறைவு, சுமார் 20 மைக்ரோசீவர்ட். சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து மூன்று நாளில் அவ்வளவு நம் உடம்பில் ஏறிவிடும். இந்தப் படத்தில் தாடையின் இரண்டு பக்க உயரத்தையும் ஒப்பிட, 1988-இல் நெதர்லாந்தின் ஹேபெட்ஸ் குழு சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 3 சதவீதத்தைத் தாண்டினால்தான் கோணல். அதற்குக் கீழே வருவது தலை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததாலும் வரலாம் என்பது அவர்கள் கண்டது.

அந்த ஒரு சென்டிமீட்டரில் நானே மாட்டியிருக்கிறேன். முன்பு இதே நோயுள்ள ஒரு பையனுக்குப் படம் எடுத்தேன். வலம் 58 மி.மீ., இடம் 52. கணக்குப் போட்டால் 5.5 சதவீதம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்ததுமே, “கடைவாய்ப் பல்லப் பாருப்பா, ஒரு பக்கம் அகலமா இருக்கு, இன்னொரு பக்கம் ஒடுங்கியிருக்கு. தல திரும்பியிருக்கு” என்றார். திரும்ப எடுத்தபோது 57, 54. அதாவது 2.7. படம் எடுக்கும்போது “தம்பி, கழுத்த நேரா வெச்சுக்கோ” என்று நான் சொன்னதும், “நேராத்தாண்ணா வெச்சிருக்கேன்” என்று அவன் சொன்னதும் அப்புறம்தான் உறைத்தது. இந்த நோய் கழுத்து மூட்டையும் பிடிக்கும். யாருக்கு அளக்க வேண்டுமோ அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கழுத்து நேராக நிற்பதில்லை, முன்பல்லால் மெஷினில் இருக்கும் குச்சியைக் கடிக்க வாயும் சரியாகத் திறப்பதில்லை. அதனால் ஓ.பி.ஜி.யைச் சந்தேகம் எழுப்பும் படமாக மட்டும்தான் நான் பார்க்கிறேன். அதை அளவுகோலாக்கக் கூடாது.

சி.பி.சி.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை. முப்பரிமாணப் படம் என்பதால், தலை சாய்ந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாம். பிள்ளை அசையாமல் இருந்தால் போதும். ஒரு பக்கத் தாடையைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி மறுபக்கத்தின் மேல் பொருத்திப் பார்த்தால், எங்கே எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று வண்ணத்திலேயே தெரியும். எலும்பை அளக்க இதைத்தான் நான் நம்புவேன். ஆனால் இரண்டு மூட்டும் மோவாயும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால் பெரிய பரப்பை எடுக்க வேண்டும். மெஷினையும் செட்டிங்கையும் பொறுத்துக் கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யைப் போலப் பல மடங்கு போகும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதினால் எதற்கு என்று கேட்கலாம். சிகிச்சையைத் திட்டமிடும்போது ஒன்று, முடிவைப் பார்க்க ஒன்று என்றால் நியாயம்.

சரி, எலும்பு குறைந்திருப்பது தெரிந்துவிட்டது. அழற்சி இப்போதும் எரிகிறதா, அணைந்துவிட்டதா? அதை சி.பி.சி.டி. சொல்லாது. படத்தில் அழற்சி பளிச்சென்று தெரிவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குள் அசையாமல் படுக்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் மயக்கம் கொடுக்க நேரிடும். பல்லில் ஸ்டீல் கிளிப் இருந்தால் அதைச் சுற்றிப் படம் கலையும் (கிளிப் மாட்டும் முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்). மூட்டுக்குள் கொஞ்சம் நீர் தெரிந்தாலே நோய் என்றும் முடிவு கட்ட முடியாது. ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் அது தெரிவதுண்டு.

அல்ட்ராசவுண்டில் குமிழின் வெளி ஓரம்தான் தெரியும். தாடையின் கோணலை அளக்க அது உதவாது.

அந்த அம்மாவிடம், “மூட்டுவாத டாக்டர் எழுதின எம்.ஆர்.ஐ. முதல்ல, மத்தத அத வெச்சு அவங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்மா” என்றேன். செலவைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ஜிப்மர் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்முன் பாப்பாவை ஒரு ஐஸ் குச்சியைக் குறுக்காகக் கடைவாயில் கடிக்கச் சொல்லி, அம்மாவின் போனிலேயே நேருக்கு நேர் ஒரு போட்டோ எடுத்தேன். கண்களுக்குக் குறுக்கே கோடு போட்டால், குச்சி இடப்பக்கம் லேசாக மேலே ஏறியிருந்தது. “மூணு மாசத்துக்கு ஒருதரம் இதே சுவர் முன்னால, இதே தூரத்துல எடுங்கம்மா. கோணல் கூடுதான்னு பாக்கலாம். அழிச்சிடாதீங்க.”