எஞ்சின் தங்கம், கியர் பெட்டிதான் தலைவலி

பல சீசன் ஓடிய பிறகும் படகின் பின்னால் மாட்டும் இந்த அவுட்போர்டு எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், சத்தமும் குறைவு. எரிச்சலெல்லாம் அடியிலுள்ள கியர் பெட்டியில்தான். ஆயில் மாற்றத் திறந்தால் பால் நிறத்தில் வழிகிறது, அதாவது உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

சந்தேகமிருந்தால் மோட்டாரை நிமிர்த்தி ஓர் இரவு விட்டுவிட்டு, கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். அடியில் தங்கிய தண்ணீர் ஆயிலுக்கு முன் சொட்டும். முழுக்கக் கலந்துவிட்டால் பிரியாது, நிறமே காட்டிக்கொடுக்கும்.

பலரும் நேராக புரொப்பல்லர் சீலில் (ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கை வைக்கிறார்கள். முதலில் ஆயில் ஸ்க்ரூக்களின் வாஷரைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கியது மறுமுறை பிடிக்கும் என்று நம்பக்கூடாது. சில சமயம் பழையது துளையிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கும். இத்தனை பெரிய எஞ்சினின் ஆயுள் நகமளவு வாஷரை நம்பி இருப்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

வாஷர் சரியென்றால் ஆயிலை வடித்து, ஒரு துளையை மூடி, இன்னொன்றில் கேஜ் வைத்த கை பம்பை மாட்டிக் காற்றேற்றுங்கள். முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), பிறகு 10. குறைந்த அழுத்தத்தில் கசியும் சீல், அழுத்தம் கூடினால் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து நல்லபிள்ளையாகிவிடும். ஒரேயடியாக ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கலாம். ஷாஃப்டைச் சுழற்றி, கியர் மாற்றும் தண்டை ஆட்டி, சோப்பு நுரை தடவிப் பாருங்கள். வெளியே குமிழியே இல்லாமல் முள் இறங்கினால், வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள டிரைவ் ஷாஃப்ட் சீல் மீதுதான் சந்தேகம். அதைப் பார்க்க கியர் பெட்டியையே இறக்கியாக வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்டில் பெரும்பாலும் தூண்டில் நரம்புதான் வில்லன். சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். அங்கே இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருந்தால் உள்ளே பார்ப்பது ஆயிலையும் வெளியே பார்ப்பது தண்ணீரையும் தடுக்கும். இரண்டையும் உள்நோக்கிப் பொருத்தினால் காற்றுச் சோதனையில் தேறிவிடும், தண்ணீரில் தோற்கும். ஆகவே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் வேக்யூம் சோதனையும் அவசியம். ஷாஃப்டை நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டினால் புதுச் சீலும் நிற்காது. சீல்களைத் தாங்கும் கேரியரின் ரப்பர் ஓ-ரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

ஆயிலைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலே வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு கீழ்.

வாங்கலாமா? கையில் கியர் ஆயில் நாற்றம் போகும்வரை என் பதில் வேண்டாம்தான்.