இடமிருந்து இரண்டாவது இலக்கம்: கனடா வேலை அனுமதியில் நான் ஏமாந்த விதம்

எனக்குக் கிடைத்தது போலி விசா என்று எங்கள் தெருவில் ஒரு கதை சுற்றுகிறது. அப்படியெல்லாம் இல்லை. விசா அசல், வேலை அனுமதி அசல், கம்பெனியும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளமும் வங்கியில் ஏறியது. அத்தனையும் சரியாக இருந்தும் 9,50,000 ரூபாயையும் இரண்டு வருடத்தையும் தொலைத்துவிட்டு மறுபடியும் மணலியில் வேலை கேட்டு நிற்கிறேன். நான் ஏமாந்தது ஐந்து இலக்க எண் ஒன்றில்.

திருவொற்றியூர் எனக்குச் சொந்த ஊர். ஐ.டி.ஐ. முடித்துப் பதினொரு வருடம் வெல்டர் வேலை. அதில் ஏழு வருடம் பைப் வெல்டிங், பெரும்பாலும் ஆர்கான். மணலிப் பக்கம் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துகிற நாட்கள், என்றால் ஒப்பந்தக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். இருபது நாள், முப்பது நாள் இரவு பகலாக வேலை. முடிந்ததும் அடுத்த அழைப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்க வேண்டியதுதான். மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் அது. 2022 ஜூன் மாதம் என் மைத்துனர் ஒரு முகவரைப் பற்றிச் சொன்னார். மண்ணடியில் இரண்டாவது மாடியில் அலுவலகம். சுவர் முழுக்கப் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துச் சிரிக்கிற ஆட்களின் படங்கள்.

"முதலில் தற்காலிக அனுமதியில் போங்கள் தம்பி. இரண்டு வருடம் வேலை பாருங்கள். அங்கே வேலை செய்த அனுபவம் இருந்தால் பி.ஆர். தானாக வரும்" என்றார்.

இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் மாட்டியிருக்க மாட்டேன். இப்படி ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது. கனடாவில் முறையான அனுமதியோடு, விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம், திறன் சார்ந்த வேலை பார்த்திருந்தால் அந்த அனுபவத்தை வைத்து பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, கேட்கலாம். ஆங்கிலத் தேர்வும் மதிப்பெண் போட்டியும் உண்டு என்பதால் தானாக எதுவும் வராது. ஆனால் வழி உண்டு. "திறன் சார்ந்த" என்ற இரண்டு சொற்களை மட்டும் அவர் விழுங்கிவிட்டார்.

என்னை நம்ப வைத்தது அவர் வைத்த தேர்வு. மாதவரம் பக்கம் ஒரு ஷெட்டுக்கு வரச் சொன்னார்கள். சிக்ஸ் ஜி தேர்வு: பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவைத்து, நாம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து முழு வட்டமும் ஒட்ட வேண்டும். வெல்டருக்கு இதைவிடக் கடினமான சோதனை அதிகம் இல்லை. ஒருவர் கைப்பேசியில் வீடியோ எடுத்தார். ராடு, பைப் செலவு என்று 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கிறார்களே, அங்கே நிச்சயம் வெல்டர் வேலைதான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வீடியோவைக் கனடாவில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

டிசம்பரில் எல்.எம்.ஐ.ஏ. வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டு ஆளை எடுக்கலாம் என்று கனடா அரசு அந்த முதலாளிக்குக் கொடுக்கிற கடிதம் அது. முதல் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தை அவரே புரட்டிக் காட்டினார். அதில் என்.ஓ.சி. என்று போட்டு 95101 என்ற எண் இருந்தது. என்ன சார் இது என்று கேட்டேன். "தடையில்லாச் சான்று எண் தம்பி. அவர்கள் அலுவலகக் கணக்குக்காகப் போடுவது" என்றார். நம்மூரில் வீடு விற்பதற்கும் வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதற்கும் என்.ஓ.சி. என்ற சொல்லைத்தானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்? தலையாட்டினேன். கனடாவில் அந்த மூன்று எழுத்து தேசியத் தொழில் வகைப்பாட்டைக் குறிக்கும். அங்குள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கத்தில் ஒரு குறியீடு உண்டு. வெல்டருக்கு 72106. என் கடிதத்தில் இருந்த 95101, உலோகப் பட்டறையின் உதவித் தொழிலாளிக்கு உரியது.

இரண்டு எண்களிலும் இடமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அதுதான் திறன் நிலை. 0, 1, 2, 3 என்றால் நான் மேலே சொன்ன ஒரு வருட அனுபவக் கணக்கில் சேரும். 4, 5 என்றால் பத்து வருடம் செய்தாலும் அந்தக் கணக்கில் சேராது. என்னுடையது 5.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தேன். இரண்டு லட்சம் மட்டும் வங்கி வழியாக, மீதி ரொக்கம். மனைவியின் தாலிச் சங்கிலியும் அம்மாவின் வளையல்களும் வண்ணாரப்பேட்டை அடகுக் கடைக்குப் போயின, எடுத்த சீட்டும் அதில் போனது, இரண்டு லட்சம் வட்டிக்கு வாங்கினேன். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரே வரி. கனடா, வேலை, பி.ஆர். எதுவும் அதில் இல்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். இவர் பதிவே செய்தவரில்லை. எல்.எம்.ஐ.ஏ.வுக்கு முதலாளி கட்ட வேண்டியது 1,000 டாலர். அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. குறைந்த ஊதியப் பிரிவில் ஆள் எடுத்தால் போக வர டிக்கெட்டும் முதலாளியின் செலவு. என் டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். அரசுக்கு நான் கட்ட வேண்டியிருந்தது வேலை அனுமதிக்கு 155 டாலர், கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். அன்றைய மதிப்பில் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மீதி யார் பைக்குப் போனது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

2023 மார்ச்சில் டொரோன்டோ விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அனுமதித் தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் "உதவித் தொழிலாளி" என்று ஆங்கிலத்தில் இருந்தது. உடனே மண்ணடிக்கு வாட்ஸ்அப் செய்தேன். "உள்ளே போனதும் மாற்றிவிடுவார்கள், கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தது, கூடவே கைகூப்புகிற பொம்மை.

ஒன்டாரியோவில் ஒரு பட்டறை. ஊரையும் பெயரையும் வழக்கு முடியும்வரை எழுதப்போவதில்லை. தகடு தூக்குவது, ஓரம் கிரைண்டிங் செய்வது, தரை கூட்டுவது. மணிக்கு 18 டாலர். அடித்தளத்து அறையில் நான்கு பேர். ஐந்தாவது மாதம் ஒரு வெல்டர் வராத நாளில் போர்மேன் வெல்டிங் டார்ச்சை என் கையில் கொடுத்தார். நான் ஒட்டியதைப் பார்த்துவிட்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்னை வெல்டிங்கிலேயே நிறுத்தினார். சம்பளம் அதே 18. எனக்கு அது வருத்தமாகக்கூடத் தோன்றவில்லை. கையில் டார்ச் இருந்ததே போதும் என்றிருந்தது. முட்டாள்தனம்தான்.

கணக்கைப் புரியவைத்தவர் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பி.ஆர். எப்போது போடப்போகிறீர் என்று கேட்டார். இன்னும் ஆறு மாதத்தில் என்றேன். எண்ணைக் கேட்டார், சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. "தம்பி, இது ஐந்தாம் நிலை. இதை வைத்து அந்த வழியில் போக இயலாது. யார் உமக்கு இதைச் செய்து தந்தது?"

சட்டப்படி பார்ப்பது வேலையின் பெயரை அல்ல, செய்த வேலையைத்தான் என்றும் அவர் சொன்னார். அப்படியானால் வெல்டிங் செய்ததாக முதலாளியிடம் கடிதம் வாங்கலாமே? கேட்டேன். அவர் எப்படிக் கொடுப்பார்? கொடுத்தால், உதவியாளர் சம்பளத்தில் வெல்டர் வேலை வாங்கியதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். என் அனுமதியோ ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலுக்கும் கட்டுப்பட்டது. அதை மீறியவன் என்று என் மேலும் திரும்பும். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அந்தக் கம்பெனி புதிதாக எல்.எம்.ஐ.ஏ. வாங்கி, நான் புதிய அனுமதி வாங்க வேண்டும். சுரண்டலுக்கு ஆளான தொழிலாளிக்குத் திறந்த வேலை அனுமதி ஒன்று 2019 முதல் இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது ஊருக்குத் திரும்பிய பிறகு.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறொன்று. வெல்டர் போன்ற கைத்தொழில்காரர்களுக்கென்றே கனடாவில் தனித் திட்டம் உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். வெளிநாட்டு அனுபவமும் செல்லும். கூடவே முறையான வேலைவாய்ப்புக் கடிதமோ மாகாணத் தகுதிச் சான்றோ வேண்டும், ஓரளவு ஆங்கிலம் வேண்டும். 2022இல் என் அனுபவம் முழுசாகக் கையில் இருந்தது. கிரைண்டிங் தூசியில் நான் நின்ற ஒவ்வொரு மாதமும் மணலி அனுபவத்தில் ஒரு மாதம் அந்த ஐந்து வருடக் கோட்டுக்கு வெளியே நழுவிக்கொண்டிருந்தது. பி.ஆர். பக்கம் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதிலிருந்து விலகிப் போயிருக்கிறேன்.

மண்ணடிக்காரரிடம் சண்டை போட்டேன். அதற்கும் ஒரு விலை வைத்திருந்தார்: மூன்று லட்சம் கொடுத்தால் வெல்டர் என்று அனுபவக் கடிதம் "ஏற்பாடு" செய்வாராம். பொய்யான ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையவே தடை. அந்தத் தடை என் பெயரில்தான் விழும். ஏனென்றால் என் விண்ணப்பத்தில் பிரதிநிதி என்ற இடம் காலி. என் பெயரில் கணக்கைத் திறந்து, நானே நிரப்பியதுபோல அவர் அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களை அங்கே "பேய் ஆலோசகர்" என்று சொல்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியலைக் குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர்களின் "கல்லூரி" என்ற பெயரிலுள்ள ஒழுங்குமுறை அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

2024 செப்டம்பர் 26 முதல், வேலையின்மை ஆறு சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிற பெருநகரப் பகுதிகளில் குறைந்த ஊதிய வேலைகளுக்கான எல்.எம்.ஐ.ஏ.க்களைப் பெரும்பாலும் பரிசீலிப்பதையே நிறுத்தினார்கள். நான் வேலை பார்த்த ஊரும் அதில் வந்தது. புதுப்பிக்க வழியில்லை. அப்போதும் மண்ணடியிலிருந்து ஒரு யோசனை: எட்டு லட்சத்துக்கு வேறு எல்.எம்.ஐ.ஏ., அதனால் பி.ஆர். போட்டியில் 50 மதிப்பெண் கூடுமாம். நல்ல வேளை, கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. 2025 மார்ச் 25ஆம் தேதி அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரலில் வந்து இறங்கினேன். மறுநாளே மண்ணடி மாடி ஏறினேன். "அனுமதி வாங்கித் தருகிறேன் என்றேன், தந்தேன். பி.ஆர். வாங்கித் தருகிறேன் என்று எங்கே கையெழுத்துப் போட்டேன்?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ரசீதைக் காட்டினேன், அந்த ஒரே வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். புகார் கொடுத்திருக்கிறேன். பதிவில்லாமல் ஆள் அனுப்பியதைத்தான் முதன்மையாக எழுதியிருக்கிறேன், பி.ஆர். வாக்குறுதிக்கு என்னிடம் இருப்பது வாட்ஸ்அப் குரல் பதிவுகள் மட்டும். அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வாங்கிய இரண்டு லட்சத்துக்கு வட்டி கட்டி முடிந்தது, அசல் பாதி நிற்கிறது.

போன வாரம் எர்ணாவூர்ப் பையன் ஒருவன், கேட்டரிங் படித்து நான்கு வருடம் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவன், விஷயம் கேள்விப்பட்டுத் தன் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு வந்தான். சமையல்காரருக்கு 63200, மூன்றாம் நிலை. அவன் கடிதத்தில் 65201, சமையலறை உதவியாளர். இரண்டாவது இலக்கத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"தடையில்லாச் சான்று எண் என்று சொன்னாரே அண்ணா" என்றான்.

முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறான். திங்கட்கிழமை காலை இருவரும் மண்ணடிக்குப் போகிறோம்.